பைத்தான் ஒரு மாறியை எங்கே போய்த் தேடுகிறது?

கேள்வி இதுதான். மாட்யூலின், அதாவது ஒரு பைத்தான் ஃபைலின், மேலே ‘எண்ணிக்கை’ என்ற மாறிக்கு 10 கொடுத்திருக்கிறது. கீழே ‘காட்டு’ என்ற ஃபங்ஷனின் முதல் வரி அதைப் பிரிண்ட் செய்கிறது, ஒழுங்காக 10 வருகிறது. அதே ஃபங்ஷனின் கடைசியில் ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + 1’ என்று ஒரு வரியைச் சேர்த்ததும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த முதல் வரியே அன்பவுண்ட் லோக்கல் எரர் (லோக்கல் மாறிக்கு இன்னும் மதிப்பு இல்லை என்ற பிழை) தருகிறது. பைத்தான் வரிவரியாக ஓடும் மொழிதானே, இன்னும் போய்ச் சேராத வரி மேலே இருக்கும் வரியை எப்படிக் கெடுக்கும்? டைனமிக் மொழிகள் மாறியை ஓடும்போதுதான் தேடுகின்றன என்று படித்தது பொய்யா?

பொய்யில்லை, பாதி உண்மை. டைனமிக் டைப்பிங் என்றால் ஒரு பெயரில் இருக்கும் மதிப்பின் வகை ஓடும்போதுதான் தெரியும் என்று பொருள். அந்தப் பெயரை எந்த இடத்தில் தேடுவது என்பது வேறு விஷயம். பைத்தானில் அது ஃபங்ஷன் கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுவதற்கு முன் உள்கட்டளைகளாக மாற்றப்படும்போதே, முடிவாகிவிடுகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது மட்டும்தான் ஓடும்போது நடக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் கேள்வியில் வந்த பிழை மட்டுமல்ல, லூப்புக்குள் எழுதிய லாம்டா (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்), கிளாஸுக்குள் வரும் நேம் எரர் (பெயர் கிடைக்கவில்லை என்ற பிழை), எக்ஸெக் (சரமாக எழுதிய கோடை ஓட்டும் ஃபங்ஷன்) செய்யும் குழப்பம் எல்லாம் ஒரே விதியில் அடங்கும். கீழே நான் சொல்வது சிபைத்தானை, அதாவது பைத்தான் தளத்திலிருந்து இறக்கி எல்லோரும் பயன்படுத்தும் அந்த இன்டர்பிரட்டரை வைத்து.

உங்கள் ஃபைலை ஓட்டும்போது முதலில் மொத்த ஃபைலும் பார்ஸ் ஆகி ஒரு மரமாகிறது. அந்த மரத்தின் மேல் சிம்பல் டேபிள் கட்டும் ஒரு நடை நடக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனாக எடுத்து, அதற்குள் வரும் ஒவ்வொரு பெயரும் லோக்கலா (அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் உரியதா), குளோபலா (மாட்யூல் மட்டத்தில் இருப்பதா), வெளி ஃபங்ஷனிலிருந்து வருவதா என்று குறித்து வைப்பது இதன் வேலை. விதி எளிது: அந்த ஃபங்ஷனின் உடலில் எங்காவது ஓர் இடத்தில் அந்தப் பெயருக்கு ஏதாவது ஒட்டப்பட்டால், உடல் முழுவதும் அது லோக்கல். குளோபல் அல்லது நான்லோக்கல் என்று நீங்களே அறிவித்தால் மட்டும் விலக்கு.

‘ஒட்டுதல்’ என்றால் சமக்குறி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபார் லூப்பின் மாறி, வித் அல்லது எக்ஸெப்ட் வரியில் ஆஸ் போட்டுக் கொடுக்கும் பெயர், உள்ளே எழுதும் டெஃப், கிளாஸ், இம்போர்ட், வால்ரஸ் குறி (:=), மேட்ச் கேஸில் பிடிக்கும் பெயர், அளவுருக்கள் எல்லாம் ஒட்டுதல்தான். டெல் கூட இந்தக் கணக்கில் சேரும். இதில் அடிக்கடி ஆளை விழுங்குவது இம்போர்ட். மாட்யூலின் மேலே ஓஎஸ் என்ற மாட்யூல் இம்போர்ட் ஆகியிருக்கும். ஒரு ஃபங்ஷனின் நடுவில் யாரோ ‘இம்போர்ட் ஓஎஸ்.பாத்’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரி ஒட்டுவது ‘ஓஎஸ்’ என்ற பெயரை. அதனால் அந்த ஃபங்ஷன் முழுக்க ஓஎஸ் லோக்கலாகி, இம்போர்ட் வரிக்கு மேலே ஓஎஸ்ஸைத் தொட்ட வரி உடையும். அந்த இம்போர்ட் ஒரு இஃப் கிளைக்குள் இருந்தால் இன்னும் மோசம், கிளைக்குள் போகாத நாளில் கீழே இருக்கும் வரிகளும் உடையும். ‘இஃப் ஃபால்ஸ்’ என்று ஒருபோதும் ஓடாத கிளைக்குள் ஒட்டினாலும் கணக்கு கணக்குதான், சிம்பல் டேபிள் கட்டும் நடை எந்தக் கிளை ஓடும் என்று பார்ப்பதில்லை.

இந்த முடிவு எங்கே பதிவாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பைட்கோடை (இன்டர்பிரட்டர் ஓட்டும் உள்கட்டளைகளை) காட்டும் டிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து ‘காட்டு’ ஃபங்ஷனை அதற்குக் கொடுங்கள். கடைசி வரி சேர்ப்பதற்கு முன் பிரிண்ட் வரியில் ‘எண்ணிக்கை’க்கு நேரே லோடு குளோபல் என்ற கட்டளை இருக்கும். சேர்த்த பிறகு அதே இடத்தில் பைத்தான் 3.11 வரை லோடு ஃபாஸ்ட், 3.12 முதல் லோடு ஃபாஸ்ட் செக். மூலத்தில் நீங்கள் அந்த வரியைத் தொடவே இல்லை, ஆனால் அதற்கான பைட்கோடு மாறிவிட்டது. கேள்விக்கான விடை முழுக்க அந்த ஒரு கட்டளை மாற்றத்தில் இருக்கிறது. குளோபல் டிக்ஷனரியில் (பெயரையும் மதிப்பையும் சேர்த்து வைக்கும் அட்டவணையில்) 10 பத்திரமாக உட்கார்ந்திருந்தாலும், லோடு ஃபாஸ்ட் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

லோடு ஃபாஸ்ட் என்ன செய்கிறது? ஒரு ஃபங்ஷனை அழைத்ததும் அந்த அழைப்புக்கு ஒரு ஃப்ரேம் உருவாகிறது. அதற்குள் லோக்கல்களுக்கென்று ஓர் அணி, அதாவது அர்ரே, இருக்கும். எத்தனை லோக்கல் என்பது கம்பைல் ஆகும்போதே தெரியும் என்பதால் அணியின் அளவும் முன்பே தெரியும். முதல் சில இடங்களில் அளவுருக்கள் நிரப்பப்படும், மற்றவை காலி. லோடு ஃபாஸ்ட் 0 என்றால் அணியின் 0-ஆவது இடத்தில் இருக்கும் பாயின்டரை (மதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரியை) எடுத்து ஸ்டாக்கில் வை, அவ்வளவுதான். பெயர் என்ற எழுத்துச்சரம் இதில் எங்கும் வருவதே இல்லை. பெயர்கள் கோட் ஆப்ஜெக்ட்டின் கோ_வார்நேம்ஸ் என்ற டியூப்பிளில் பெயர் சொல்லி அனுப்பும் அளவுருக்களைப் பொருத்தவும், பிழைச்செய்திக்கும் டீபக்கருக்கும் உதவவும்தான் கிடக்கின்றன. இடம் காலியாக இருந்தால் அன்பவுண்ட் லோக்கல் எரர். 3.12-இல் கம்பைலர் இன்னொரு படி போய், எந்த இடத்தில் மாறி நிச்சயமாக நிரம்பியிருக்கும் என்று முன்பே கணக்கிடுகிறது. நிச்சயம் இருக்கும் என்றால் சோதனையே இல்லாத லோடு ஃபாஸ்ட், சந்தேகம் இருந்தால் சோதனையோடு லோடு ஃபாஸ்ட் செக். 3.13, 3.14-இல் டிஸ் செய்தால் இரண்டு லோடுகளை ஒன்றாகச் சேர்த்த கட்டளையும், லோடு ஃபாஸ்ட் பாரோ என்ற புதுப்பெயரும் கண்ணில் படும். பயப்பட வேண்டாம், எல்லாம் அதே அணியின் வேலைதான்.

அந்தப் பாயின்டர் போய்ச் சேரும் ஆப்ஜெக்ட்டுக்குள்தான் வகை இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் தலையிலும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையும், தன் வகையைக் காட்டும் பாயின்டரும் உண்டு. மாறிக்கு வகை கிடையாது, அதனால் ‘எண்ணிக்கை’யில் இப்போது 10-ம் அடுத்த வரியில் ஒரு லிஸ்ட்டும் இருக்கலாம். அதைக் கூட்டும்போது பைனரி ஆப் என்ற கட்டளை அந்த வகையைப் பார்த்து என்ன செய்வதென்று முடிவெடுக்கிறது. டைனமிக் டைப்பிங் தன் வேலையைத் தொடங்குவதே மாறியைத் தேடி எடுத்து முடித்த பிறகுதான்.

இனி குளோபல். ஃபங்ஷனுக்குள் எங்கும் ஒட்டப்படாத பெயர், வெளி ஃபங்ஷனிலும் இல்லையென்றால், லோடு குளோபல் ஆகிறது. இது முதலில் மாட்யூலின் டிக்ஷனரியில் தேடும், இல்லையென்றால் பில்டின்ஸ் (பைத்தானோடு வரும் லென், பிரிண்ட் போன்றவை) டிக்ஷனரியில் தேடும், அங்கேயும் இல்லையென்றால் நேம் எரர். எந்த மாட்யூலின் டிக்ஷனரி? ஃபங்ஷனை அழைத்த மாட்யூலுடையது அல்ல, ஃபங்ஷன் எழுதப்பட்ட மாட்யூலுடையது. டெஃப் ஓடும்போதே ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டின் __குளோபல்ஸ்__ என்ற பண்பில் அந்த டிக்ஷனரி மாட்டப்படுகிறது, பிறகு அந்த ஃபங்ஷனை எங்கே கொண்டுபோய் அழைத்தாலும் அது மாறாது.

இதை மறப்பதால்தான் டெஸ்ட் எழுதும்போது மாக் (உண்மை ஃபங்ஷனுக்குப் பதில் வைக்கும் போலி) வேலை செய்யவில்லை என்ற புலம்பல் வருகிறது. ‘பில்லிங்’ மாட்யூல் ‘ஃப்ரம் வரி இம்போர்ட் கணக்கிடு’ என்று எடுத்திருந்தால், அந்த இம்போர்ட் வரி ஓடிய கணத்தில் பில்லிங் மாட்யூலின் டிக்ஷனரியில் ‘கணக்கிடு’ என்ற தனிப் பதிவு உருவாகிவிட்டது. இரண்டு மாட்யூலின் பதிவும் ஒரே ஃபங்ஷனைக் காட்டுகின்றன, ஆனால் பதிவுகள் இரண்டு. நீங்கள் ‘வரி.கணக்கிடு’வை மாற்றினால் பில்லிங்கின் பதிவு அப்படியேதான் இருக்கும். மாற்ற வேண்டியது ‘பில்லிங்.கணக்கிடு’. ஓடும்போது மாறக்கூடிய செட்டிங்குகளை ‘ஃப்ரம் இம்போர்ட்’ செய்யாமல், மாட்யூலையே இம்போர்ட் செய்து புள்ளி வைத்து எடுங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

டிக்ஷனரியில் தேடுவது கேட்கும் அளவுக்குச் செலவான வேலை இல்லை. பெயர்ச்சரங்கள் கம்பைல் ஆகும்போதே இன்டர்ன் செய்யப்படுகின்றன, அதாவது ஒரே பெயர் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்ட்டாக இருக்கும். அதன் ஹேஷ், அதாவது சரத்திலிருந்து பெறும் எண், ஒருமுறை கணக்கிட்டதும் சரத்துக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. தேடும்போது ஹேஷின் கடைப் பிட்டுகளை எடுத்து அட்டவணையில் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் சாவியும் நம் சாவியும் ஒரே பாயின்டர் என்றால் எழுத்து எழுத்தாக ஒப்பிடாமலே முடிந்தது. மோதல் வந்தால் மீதிப் பிட்டுகளையும் கலந்து அடுத்த இடம். ஆனாலும் பில்டின் ஒன்றை எடுக்க இரண்டு டிக்ஷனரி தேடல், அதுவும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் என்றால், அணியின் இடத்தைப் பார்ப்பதை விட அதிகம்தான்.

3.8-இல் லோடு குளோபலுக்கு ஒரு கேஷ், அதாவது முன்பு கிடைத்த விடையைக் குறித்து வைக்கும் இடம், வந்தது. 3.11-இல் அதைவிடச் சுத்தமான வழி வந்தது, எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். சில முறை ஓடியதும் லோடு குளோபல் தன்னைத் தானே மாற்றி எழுதிக்கொள்கிறது: பெயர் மாட்யூலில் கிடைத்தால் லோடு குளோபல் மாட்யூல், பில்டின்ஸில் கிடைத்தால் லோடு குளோபல் பில்டின். கட்டளைக்குப் பக்கத்திலேயே பைட்கோடுக்குள் இரண்டு தகவலைக் குறித்துக்கொள்கிறது. ஒன்று டிக்ஷனரியின் சாவிக்கூட்டத்தின் பதிப்பு எண், இன்னொன்று அந்தக் கூட்டத்தில் நம் சாவி எத்தனையாவது என்பது. அடுத்த முறை பதிப்பு எண் அதுவேதானா என்று மட்டும் பார்க்கும், அதுவே என்றால் நேராக அந்த இடத்து மதிப்பை எடுக்கும், ஹேஷ் எதுவும் இல்லை. இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம், பதிப்பு எண் சாவிகளுக்கு உரியது, மதிப்புகளுக்கு அல்ல. ஒரு குளோபலின் மதிப்பை நீங்கள் ஆயிரம் முறை மாற்றினாலும் கேஷ் கெடாது. புதுப் பெயர் ஒன்றைச் சேர்த்தாலோ, இருக்கும் பெயரை நீக்கினாலோதான் கெடும். பில்டினுக்கு இரண்டு பதிப்பு எண்ணையும் சோதிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடுவில் யாராவது மாட்யூலில் ‘லென்’ என்று ஒரு பெயரை உருவாக்கினால் அதுதான் முதலில் கிடைக்க வேண்டும். டைனமிக் மொழி கொடுத்த வாக்கு எதுவும் மீறப்படாமல் வேகம் வருகிறது.

அதனால் ‘லூப்புக்கு முன் லென்னை லோக்கலில் வாங்கி வையுங்கள், வேகமாகும்’ என்ற பழைய அறிவுரையைச் சாதாரண கோடில் பின்பற்றாதீர்கள். 3.11-க்குப் பிறகு மிஞ்சும் லாபம் கொஞ்சம், படிப்பவருக்குக் கஷ்டம் நிறைய. மாறாக இன்றும் பலன் தரும் ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட்டின் கனமான லூப்பை மாட்யூல் மட்டத்தில் அப்படியே விடாமல் ‘மெயின்’ என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து அழையுங்கள். மாட்யூல் மட்டத்தில் எல்லா மாறியும் லோடு நேம், ஸ்டோர் நேம் வழியாக டிக்ஷனரியைத் தொடுகின்றன. ஃபங்ஷனுக்குள் போனதும் அதே மாறிகள் அணியின் இடங்களாகிவிடுகின்றன.

இரண்டு அடுக்குத் தேடலின் இன்னொரு விளைவு நோட்புக்கில் (கோடைத் துண்டு துண்டாக, செல் செல்லாக ஓட்டும் கருவியில்) வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு செல்லில் ‘லிஸ்ட்’ என்ற பெயருக்கே ஒரு லிஸ்ட்டை ஒட்டிவிட்டால், பிறகு லிஸ்ட்டை அழைக்கும் வரியெல்லாம் ‘லிஸ்ட் ஆப்ஜெக்ட்டை அழைக்க முடியாது’ என்று டைப் எரர் தரும். கெர்னலை ரீஸ்டார்ட் செய்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டத் தேவையில்லை. ‘டெல் லிஸ்ட்’ போதும். பில்டின் எங்கும் போகவில்லை, மாட்யூலின் பதிவு அதை மறைத்துக்கொண்டிருந்தது, பதிவு போனதும் தேடல் அடுத்த அடுக்குக்குப் போய்விடும்.

தமிழில் மாறிப் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பைத்தான் 3 தொடக்கத்திலிருந்தே தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. ஆனால் மூலத்தில் எழுதும் பெயரைப் பார்ஸ் செய்யும்போது யூனிகோடின் என்எஃப்கேசி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ‘கொ’ என்பதை க-வோடு ஒற்றை ‘ொ’ குறியாகவும் சேமிக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மூலத்தில் இரண்டும் ஒரே மாறி, மாற்றம் அங்கே நடந்துவிடுகிறது. ஆனால் பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடும் இடங்களில், அதாவது குளோபல்ஸ்() டிக்ஷனரி, கெட்ஆட்டர், இரட்டை நட்சத்திரம் போட்டு அனுப்பும் அளவுருக்கள் ஆகியவற்றில், இந்த மாற்றம் நடக்காது. ஜேசனிலிருந்து வந்த ‘கொள்முதல்’ இரண்டு குறி வடிவில் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் மாறியை இல்லை என்று சொல்லும். வெளியிலிருந்து வரும் சரத்தை யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக என்எஃப்கேசி ஆக்கிவிட்டுத் தேடுங்கள். இன்னொன்று, ‘கலெக்‌ஷன்’ போன்ற சொல்லில் ‘க்ஷ’ ஆகிவிடாமல் இருக்க நடுவில் போடும் அகலமில்லாப் பிரிப்பான், யு+200சி, பெயருக்குள் செல்லாது. ‘அச்சிட முடியாத எழுத்து’ என்று சின்டாக்ஸ் எரர் வரும், திரையில் எதுவும் தெரியாது. பேக்ஸ்பேஸ் அடித்து அந்தச் சொல்லைப் பிரிப்பான் இல்லாமல் திரும்பத் தட்டுவதே குறுக்கு வழி.

அடுத்தது ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன். உள் ஃபங்ஷன் வெளி ஃபங்ஷனின் மாறியைப் பயன்படுத்தினால் அது லோக்கலும் இல்லை, குளோபலும் இல்லை. வெளி ஃபங்ஷன் முடிந்து அதன் ஃப்ரேம் போன பிறகும் உள் ஃபங்ஷன் உயிரோடு இருக்கலாம், அதனால் மாறியை ஃப்ரேமின் அணியில் நேரடியாக வைக்க முடியாது. சிம்பல் டேபிள் இதை முன்பே கண்டுபிடித்து, அந்த மாறிக்கு மட்டும் செல் என்ற சிறு ஆப்ஜெக்ட் ஒன்றை ஏற்பாடு செய்கிறது. செல்லுக்குள் ஒரே ஒரு பாயின்டர். இரண்டு ஃபங்ஷனும் லோடு டீரெஃப், ஸ்டோர் டீரெஃப் வழியாக அந்தச் செல்லைத்தான் தொடுகின்றன. இந்த வசதி பைத்தான் 2.1-இல் விருப்பத் தேர்வாக வந்து 2.2-இல் நிலையானது. உள்ளிருந்து வெளி மாறிக்கு ஒட்டும் நான்லோக்கல் 3.0-இல்தான் வந்தது.

பிடிபடுவது செல், மதிப்பு அல்ல. லூப்பில் லாம்டா எழுதும் பிரச்சினை இதுதான். ஒரு ஃபங்ஷனுக்குள் ‘ஐ’ என்ற மாறி 0, 1, 2 என்று போகும் லூப்பில் ‘லாம்டா: ஐ’ என்று மூன்று லாம்டாக்களை லிஸ்ட்டில் சேருங்கள். அழைத்தால் மூன்றும் 2 தரும். மூன்றின் __குளோஷர்__ டியூப்பிளின் முதல் உறுப்பை ‘இஸ்’ போட்டு ஒப்பிடுங்கள், ஒரே செல் என்று ட்ரூ வரும். அதன் செல்_கன்டென்ட்ஸ் 2. லூப் முடிந்தபோது ஐ எங்கே நின்றதோ அதுதான். இதையே மாட்யூல் மட்டத்தில் எழுதிச் சோதித்தால் __குளோஷர்__ நன் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) என்று வரும், அங்கே ஐ குளோபல் என்பதால் செல்லுக்கு வேலையில்லை. விளைவு அதேதான்.

தீர்வு ‘லாம்டா ஐ=ஐ: ஐ’ என்று எல்லோரும் சொல்வார்கள். டிஃபால்ட் மதிப்பு லாம்டா உருவாகும் கணத்திலேயே கணக்கிடப்படுவதால் சரியாக வரும். ஆனால் இப்போது ஐ என்பது வெளியிலிருந்து நிரப்பக்கூடிய அளவுரு என்பதை மறக்காதீர்கள். பைக்யூட்டியில் (விண்டோ, பட்டன் உருவாக்கும் நூலகத்தில்) பட்டனின் கிளிக்ட் சிக்னல் தன்னோடு ஒரு பூலியனை அனுப்பும். அது ஐ-யின் இடத்தில் போய் உட்கார்ந்து, எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஃபால்ஸ் வரும். முதல் அளவுருவாக அந்தப் பூலியனை வாங்கிக்கொண்டு இரண்டாவதாக ‘ஐ=ஐ’ வையுங்கள். அல்லது ஐ-யை அளவுருவாக வாங்கி லாம்டாவைத் திருப்பித் தரும் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் புது ஃப்ரேம், புதுச் செல், யாரும் வெளியிலிருந்து அதைக் கெடுக்க முடியாது. நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கிளாஸின் உடல் தனி ரகம். அது ஃபங்ஷன் போல ஒருமுறை ஓடுகிறது, ஆனால் அதன் பெயர்கள் அணியில் இல்லை, ஒரு டிக்ஷனரியில் சேர்கின்றன, முடிவில் அந்த டிக்ஷனரிதான் கிளாஸின் பண்புகளாகிறது. உள்ளே தேடல் லோடு நேம்: கிளாஸ் டிக்ஷனரி, பிறகு குளோபல், பிறகு பில்டின். மெத்தடுகள் பெயர் தேடும்போது கிளாஸ் அடுக்கைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் செல்ஃப் அல்லது கிளாஸ் பெயர் போட்டுப் புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. (புள்ளிக்குப் பின் வரும் பண்பைத் தேடுவது வகை, அதன் பெற்றோர் வரிசை, டிஸ்கிரிப்டர் என்று முற்றிலும் வேறு பாதை.) லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனிலும் (ஒரே வரியில் லூப் ஓட்டி லிஸ்ட் உருவாக்கும் வடிவத்திலும்) இந்த விதி கடிக்கும். கிளாஸ் உடலில் ‘அளவு = 3’ என்று வைத்து, அடுத்த வரியில் ‘ரேஞ்ச்(அளவு)’ மேல் ஓடும் காம்ப்ரிஹென்ஷனுக்குள் ஒவ்வொரு உறுப்பாகவும் ‘அளவு’ என்றே எழுதினால், ரேஞ்சுக்குள் இருக்கும் ‘அளவு’ கிடைக்கும், உறுப்பாக வரும் ‘அளவு’ நேம் எரர் தரும். முதல் இட்டரபிள் (லூப் எதன் மேல் ஓடுகிறதோ அது, இங்கே ரேஞ்ச்) மட்டும் வெளி அடுக்கில் கணக்கிடப்படுகிறது, மற்றவை உள் அடுக்கு. 3.12-இல் காம்ப்ரிஹென்ஷன்களைத் தனி ஃபங்ஷனாக்காமல் உள்ளேயே விரித்து எழுதும் வேலை நடந்தபோதும் இந்த நடத்தையை மாற்றவில்லை.

எக்ஸெக் பற்றி. ஒரு ஃபங்ஷனுக்குள் ‘வட்டி = 7’ என்ற சரத்தை எக்ஸெக் செய்துவிட்டு அடுத்த வரியில் வட்டியைப் பிரிண்ட் செய்தால் நேம் எரர். கம்பைலர் பார்த்தபோது அந்த ஃபங்ஷனில் வட்டிக்கு யாரும் ஒட்டவில்லை, சரத்துக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே வட்டி லோடு குளோபல், எக்ஸெக் எழுதியதோ லோக்கல்களின் நகலான ஒரு டிக்ஷனரியில். பைத்தான் 2-இல் இது வேலை செய்தது, எக்ஸெக் அங்கே மொழியின் கூற்று என்பதால் கம்பைலர் அதைப் பார்த்ததும் அந்த ஃபங்ஷனை மெதுவான லோடு நேமுக்கு மாற்றிவிடும். இன்று சரியான வழி: ஒரு காலி டிக்ஷனரியை நீங்களே உருவாக்கி எக்ஸெக்குக்கு இரண்டாவது அளவுருவாகக் கொடுங்கள், பிறகு அதிலிருந்து வட்டியை எடுங்கள்.

ஒரே ஒரு டிக்ஷனரியைக் கொடுங்கள். குளோபலுக்கு ஒன்று, லோக்கலுக்கு ஒன்று என இரண்டு கொடுத்தால் அந்தக் கோடு கிளாஸ் உடலுக்குள் இருப்பது போல ஓடும். அதற்குள் எழுதிய டெஃப்கள் லோக்கல் டிக்ஷனரியில் சேரும், ஆனால் அந்த ஃபங்ஷன்கள் தேடுவது குளோபல் டிக்ஷனரியில். ஒன்றையொன்று அழைக்க முடியாது, தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனும் உடையும். பிடிபி டீபக்கரின் பழைய பதிப்புகளில் ப்ராம்ப்டில் தட்டும் காம்ப்ரிஹென்ஷனுக்கு லோக்கல் மாறி தெரியாமல் போனதும் இதே காரணத்தால்தான். லோக்கல்ஸ்() தரும் டிக்ஷனரியில் எழுதி மாறியை மாற்ற முயல்வதும் வீண். 3.13 முதல் ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு முறையும் அது தனி நகல் என்று உறுதியாகவே வரையறுத்துவிட்டார்கள்.

மற்ற டைனமிக் மொழிகளும் இதே வேலையை வேறு வேறு தேர்வுகளோடு செய்கின்றன. பழைய லிஸ்ப் மொழியும் இன்றைய பாஷ் என்ற ஷெல் மொழியும் பெயரை, எழுதிய இடத்தை வைத்துத் தேடுவதில்லை, அழைத்தவர் யார் என்று அழைப்புச் சங்கிலியில் மேலே ஏறித் தேடுகின்றன. பாஷில் ஒரு ஃபங்ஷன் லோக்கல் என்று அறிவித்த மாறியை, அது அழைக்கும் ஃபங்ஷன் பார்க்கும், மாற்றவும் செய்யும். உண்மையில் ‘ஓடும்போது தேடுவது’ என்றால் இதுதான், கோடைப் படித்து மட்டும் விடை சொல்ல முடியாது. 1975-இல் ஸ்கீம் எழுதிய இடத்தை வைத்துத் தேடும் வழிக்குப் போனது, பின்னால் வந்த மொழிகள் பெரும்பாலும் அதன் பக்கம் சேர்ந்தன. ஈமாக்ஸ் லிஸ்ப் 2012-இல் 24-ஆம் பதிப்பில்தான் அந்தத் தேர்வைக் கொடுத்தது.

ஜாவாஸ்கிரிப்ட்டின் லெட் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. பிளாக்கின் கீழே லெட் இருந்தால் மேலே அதே பெயரைத் தொடுவது ரெஃபரன்ஸ் எரர், வெளியே அதே பெயரில் இருந்தாலும் பார்க்காது. பழைய வார் என்றால் பிழை இல்லாமல் அன்டிஃபைன்ட் வரும். ஃபார் லூப்பில் லெட் போட்டால் சுற்றுக்கு ஒரு புது மாறி கிடைப்பதால் லாம்டா பிரச்சினை அங்கே இல்லை. ரூபியில் ஓடாத கிளையில் ஒட்டினாலும் மாறி லோக்கலாகும், ஆனால் தொட்டால் பிழைக்குப் பதில் ‘நில்’ (nil) என்ற வெற்று மதிப்பு வரும். லுவாவில் லோக்கல் என்று எழுதாத எல்லாம் குளோபல் டேபிளில் தேடப்படும், இல்லாத பெயருக்கும் ‘நில்’ என்பதால் எழுத்துப்பிழை சத்தமில்லாமல் ஓடும். குளோபல் டேபிளுக்கு மெட்டாடேபிள் (டேபிளின் நடத்தையை மாற்றும் இன்னொரு டேபிள்) மாட்டி, இல்லாத பெயரைத் தொட்டால் எரர் வரச் செய்வது லுவாவில் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. பிஎச்பியில் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கும் மாறி உள்ளே தெரியவே தெரியாது, குளோபல் என்று எழுதி வரவழைக்க வேண்டும். ஆர் மொழியில் ஒரு வினோதம்: ‘சி’ என்ற பெயருக்கு 5 கொடுத்த பிறகும் சி(1, 2) ஓடும். பெயருக்குப் பின் அடைப்புக்குறி வந்தால், ஃபங்ஷன் அல்லாத பதிவுகளைத் தாண்டிப் போய்த் தேடுகிறது.

புதிதாக ஒரு மொழியை எடுத்தால் மூன்று சிறு ப்ரோகிராம்களை ஓட்டிப் பாருங்கள், அதன் தேடல் விதி பிடிபட்டுவிடும். முதலாவது இந்தக் கேள்வியில் வந்ததே: மேலே படித்து, கீழே ஒட்டும் ஃபங்ஷன். இரண்டாவது, லூப்பில் உருவாக்கிய மூன்று ஃபங்ஷன்களை லூப் முடிந்த பிறகு அழைப்பது. மூன்றாவது, ஒரு ஃபங்ஷன் தன் லோக்கலில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு இன்னொரு ஃபங்ஷனை அழைக்க, அழைக்கப்பட்டது அதே பெயரைத் தொடுவது. மூன்றாவதில் அழைத்தவரின் மதிப்பு வந்தால், அந்த மொழியில் ஒவ்வொரு மாறிப் பெயருக்கும் தனி முன்னொட்டு வைத்து எழுதத் தொடங்குங்கள்.